சங்கடம் என்னும் இடுக்கு

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், முன்னொரு காலத்தில் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தவரின் மகன் என் பக்கத்து இலையில் வந்தமர்ந்து, "அண்ணா, என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்ட சந்தோஷத்தில், சற்றும் யோசியாமல், "அப்பா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டேன். "அப்பா போய் ஆறு மாசமாச்சுண்ணா" என்றார் அவர். அந்தக் கணத்தில் என் காது மடல்கள் தீப்பட்டாற்போல் சுட்டன. பார்வை இலையில் விழுந்தது. எங்கிருந்தோ வந்த பொருத்தமற்ற ஒரு சிரிப்பை உதடுகள் மென்று விழுங்கின. கை தானாகவே மோவாயைத் தடவிற்று.

இந்நிலையைச் சொல்ல நமக்குச் சொற்பஞ்சமில்லை. புளிய மாங்காயைக் கடித்த பல்லும், வெயிலைப் பார்த்த கண்ணும், புதியவர் முன் நிற்கும் மனமும் ஒருங்கே கூசுகின்றன என்று சொல்லும் பாஷை, உள்ளத்தின் இவ்வுணர்ச்சி உடலின் உணர்ச்சியே என்பதை எவ்வளவு நுட்பமாகக் கண்டுகொண்டிருக்கிறது! வெட்கம் செய்த பிழைக்கும் உரியது, மணப்பெண்ணின் மகிழ்ச்சிக்கும் உரியது. ஆயினும் அன்று எனக்கு நேர்ந்ததற்குச் சங்கடம் என்ற சொல்லே பொருந்தும். வடமொழியில் அதற்கு இடுக்கான வழி என்று பொருள். இரண்டு கடமைகள் ஒன்றையொன்று மறிக்கும்போது அது தர்மசங்கடமாகிறது. உண்டது செரியாவிட்டால் வயிறும் சங்கடம் பண்ணுகிறது. பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் பெற்ற 'எம்பராஸ்மென்ட்' என்ற சொல்லுக்கும் தடை, அடைப்பு என்பதே பழைய பொருள். ஒன்றுக்கொன்று உறவில்லாத இவ்விரு சொற்களும், போகவும் வழியின்றித் திரும்பவும் வழியின்றி மனிதன் நிற்கும் அதே சந்தில் வந்து சேர்ந்திருப்பது எனக்குப் பெரும் ஆச்சரியம்.

உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றி 1872-இல் எழுதிய நூலில், முகம் சிவப்பதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கிய சார்லஸ் டார்வின், இரண்டு வயதில் நோயினால் பார்வையும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கும் கன்னம் சிவந்ததை அதில் குறிப்பிட்டிருக்கிறார். பிறர் நாணுவதைக் கண்டு பழகியிராத முகத்திலும் அது தோன்றியதென்றால், அதனைப் பார்த்துக் கற்ற பாவனை என்று எவ்வாறு கொள்வது? கிச்சுக்கிச்சு மூட்டி ஒருவரைச் சிரிக்க வைக்கலாம்; ஆனால் உடலைத் தீண்டி இந்தச் சிவப்பை வரவழைக்க இயலாது, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்ற எண்ணமே அதற்கு வித்து என்பது அவர் முடிபு. கருநிற மேனியில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாவிடினும் காதின் சூடு தெரியத்தான் செய்கிறது. அச்சத்தில் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி முகத்தை வெளிறச் செய்யும் அதே பரிவு நரம்பு மண்டலம், சங்கடத்தில் முகத்து நாளங்களை விரியச் செய்கிறது. முகச் சிரைகளின் சுவரில் அமைந்த பீட்டா ஏற்பிகளுக்கும் இதில் பங்குண்டு.

பச்சிளங்குழந்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏறத்தாழ ஒன்றரை வயதில், கண்ணாடியில் தெரிவது தானே என்று அறியத் தொடங்கிய பிறகே அது வருகிறது.

1995-இல் மனோதத்துவ அறிஞர் டாக்கர் கெல்ட்னர், சங்கடப்படுவோரின் முகங்களைப் படம் பிடித்துக் கூர்ந்து ஆராய்ந்து, தாழும் பார்வை, அடக்கிய சிரிப்பு, திரும்பும் தலை, முகத்தைத் தொடும் கை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாய்ச் சில விநாடிகளுக்குள் நிகழ்வதைக் காட்டி, இது உடல் கேட்கும் மன்னிப்பு என்று விளக்கினார். அதற்கு முன்பே, 1982-இல் செமின், மான்ஸ்டெட் என்ற இருவர், கடையில் அடுக்கிவைத்த சாமான்களை ஒருவர் தட்டிவிடும் காட்சியைப் பலருக்கும் காட்டி, தட்டியபின் சங்கடப்பட்டவரையே பார்த்தோர் அதிகம் விரும்பினர் என்று கண்டிருந்தனர். நினைத்தபோது வரவழைக்க முடியாத அடையாளமாதலால்தான் அதனை நாம் நம்புகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று பந்தியில் நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வரவில்லை. அவரோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா, நீங்கதான் ஊர்லயே இல்லையே" என்று மெல்லச் சொல்லி, ரசம் வந்து, மோரும் வந்து, பந்தி எழும் வரையில் தம் தகப்பனாரின் கடைசி நாட்களைப் பற்றியே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.