அப்டேட்டுக்குப் பின் காலியாகும் பாட்டு லைப்ரரி: மீட்பது எப்படி?

அப்டேட் முடிந்து ஐடியூன்ஸைத் திறந்ததும் லைப்ரரி காலியாகத் தெரிந்தால், பெரும்பாலும் பாட்டுகள் வன்தட்டில் பத்திரமாகவே இருக்கும். கெட்டுப்போனது ‘ஐடியூன்ஸ் லைப்ரரி.ஐடிஎல்’ என்ற பதிவேட்டுக் கோப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததை ஒட்டிக் கணினியையும் மென்பொருளையும் ஒருசேர மாற்றியவர்கள் இந்தச் சிக்கலை எளிதில் சந்திக்கக்கூடும்.

அப்டேட் பாட்டுகளைத் தொடாது என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். பாடகர் பெயரும் ஆல்பம் பெயரும் பாட்டுக் கோப்பிலேயே இருக்கும். ஆனால் ஒரு பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது, எந்த நாளில் சேர்ந்தது, பிளேலிஸ்ட்டில் எத்தனையாவது என்பவை பாட்டுக் கோப்பில் இல்லை, பதிவேட்டில்தான் உண்டு. பல ஆண்டுகளாகக் கேட்டுச் சேர்த்த ரசனையின் வரலாறு அது. கோப்புகள் பிழைத்தாலும் பதிவேடு போனால் அந்த வரலாறு போய்விடும்.

அப்டேட்டின்போது நடப்பது இதுதான். புதிய பதிப்பு பழைய பதிவேட்டைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. மாற்றியதைப் பழைய பதிப்பால் படிக்க முடியாது. அதனால் மாற்றுவதற்கு முன்பே பழைய பதிவேட்டின் நகலைத் தேதியிட்டு, ‘ப்ரீவியஸ் ஐடியூன்ஸ் லைப்ரரீஸ்’ என்ற ஃபோல்டரில் வைத்துவிடுகிறது. சாமர்த்தியமான ஏற்பாடு, ஆனால் இதை அன்றாட பேக்கப் என்று நம்பக் கூடாது. அப்டேட் ஆன உடனே கோளாறு தெரிந்தால் நகலில் எல்லாம் இருக்கும். மாதங்கள் கழித்துத் தெரிந்தால், இடையில் சேர்த்த பாட்டுகளும் பிளேலிஸ்ட்களும் அதில் இருக்காது.

மீட்க, முதலில் ஐடியூன்ஸை மூட வேண்டும். மியூசிக் ஃபோல்டருக்குள் உள்ள ஐடியூன்ஸ் ஃபோல்டர் முழுவதையும் வேறொரு டிரைவில் நகலெடுப்பது அவசியம். பிறகு, கெட்ட பதிவேட்டை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, தேதியிட்ட நகல்களில் கடைசியானதை அதன் இடத்தில் வைத்து, ‘ஐடியூன்ஸ் லைப்ரரி.ஐடிஎல்’ என்று பெயரிட வேண்டும். ஐடியூன்ஸைத் திறந்து, விடுபட்ட பாட்டுகளை அவை இருக்கும் ஃபோல்டரோடு லைப்ரரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாட்டின் பக்கத்தில் ஆச்சரியக்குறி தெரிந்தால்? பதிவேடு சொல்லும் இடத்தில் கோப்பு இல்லை; ஃபோல்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.

லைப்ரரி விவரங்களின் நகலாக ஐடியூன்ஸ் எழுதிவைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு உதவுமா? பிளேலிஸ்ட்களை மீட்க உதவும்; அண்மைப் பதிப்புகளில் அதை எழுதும் வசதியை முன்பே இயக்கியிருக்க வேண்டும்.

இடையில் ஐபோனை சிங்க் செய்யலாமா? கூடாது; காலி லைப்ரரியோடு சிங்க் செய்தால் போனில் உள்ள பாட்டுகளும் அழியலாம்.

மேக் கணினியில்? 2019-இல் வந்த மேக்ஓஎஸ் காட்டலினா முதல் ஐடியூன்ஸுக்குப் பதில் மியூசிக் செயலிதான்; அதன் பதிவேட்டை டைம் மெஷின் பேக்கப்பிலிருந்து எடுக்கலாம்.