கொள்கை வகுப்போர் வரும் வழி எது?

புதுதில்லி: மக்கள் நலத் திட்டங்களை வகுப்பவர்கள் யார், அந்த இடத்துக்கு அவர்கள் எவ்வாறு வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்வி தலைநகரில் அவ்வப்போது எழுவது உண்டு. குடிமைப் பணித் தேர்வில் வென்று, படிப்படியாக உயர்ந்து, மத்திய அரசின் செயலராக ஓய்வு பெறுவதே நெடுங்கால வழக்கம். ஆனால், கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் பேசப்பட்ட சட்டங்கள், திட்டங்கள் சிலவற்றின் பின்னால் இருந்தவர்கள் அந்த நேர்வழியில் வந்தவர்கள் அல்லர்.

சென்னையில் பிறந்த அருணா ராய் 1968-ல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தார். எழுபதுகளின் நடுவில் அப்பதவியைத் துறந்து, ராஜஸ்தானின் திலோனியா கிராமத்தில் இயங்கிய தொண்டு நிறுவனத்துக்குச் சென்றார். 1990-ல் அவரும் தோழர்களும் தொழிலாளர்களையும் சிறு விவசாயிகளையும் திரட்டி 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' அமைப்பைத் தொடங்கினர். அரசின் நிவாரணப் பணிகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கணக்குக் கேட்டால், வருகைப் பதிவேடு ரகசியம் என்றனர் அதிகாரிகள். பதிவேட்டின் நகல் கேட்டு எழுந்த குரல் 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணாவாக வளர்ந்தது. 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்டது.

2004-ல் சோனியா காந்தி தலைமையில் அமைந்த தேசிய ஆலோசனைக் குழுவில் அருணா ராயும் இடம்பெற்றார். ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வழங்கும் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை எனக் குறிப்பிட்டு, 2013-ல் அக்குழுவிலிருந்து விலகினார். கூலிக்காகத் தொடங்கிய பயணம் தில்லியில் கூலிப் பிரச்னையிலேயே முறிந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

உலக வங்கி வழியே

பரமேஸ்வரன் ஐயரின் பாதை வேறு. 1981-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரியான இவர், 2009-ல் விருப்ப ஓய்வு பெற்று, உலக வங்கியில் குடிநீர், சுகாதாரத் துறை நிபுணராகப் பணியாற்றினார். 2016-ல் மோடி அரசு அவரை அழைத்துத் துறைச் செயலராக்கி, தூய்மை இந்தியா திட்டத்தை ஒப்படைத்தது. 2017-ல் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளி கிராமத்தில் கழிப்பறைக் குழியில் தாமே இறங்கி, மக்கிய எருவை அள்ளிக் காட்டினார். 2020-ல் விலகிய அவர், 2022-ல் நீதி ஆயோக் தலைமைச் செயல் அதிகாரியானார். 2023-ல் உலக வங்கியின் செயல் இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

கிராமமும் உலக வங்கியும் இரு துருவங்கள். ஆயினும் ஒன்று பொது: இருவரையுமே ஆட்சியாளர்கள்தாம் விரும்பி அழைத்தனர். அழைப்புக்கு எழுதப்பட்ட விதி ஏதுமில்லை. 2014-ல் ஆட்சி மாறியதும் ஆலோசனைக் குழுவே இல்லாது போயிற்று.

விதியும் விலக்கும்

2018-ல் இணைச் செயலர் பதவிகளுக்கு நேரடி நியமன விளம்பரம் வெளியானபோது, விதி ஒன்று பிறந்ததாகத் தோன்றியது. தனியார் நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், பன்னாட்டு அமைப்புகள் ஆகியவற்றின் அனுபவம் தகுதியாக ஏற்கப்பட்டது. கிராமங்களில் இயங்கும் தொழிலாளர் அமைப்புகள் அந்தப் பட்டியலில் இல்லை.

2024 ஆகஸ்ட் 17-ல் மேலும் 45 பதவிகளுக்கு விளம்பரம் வந்தது. இடஒதுக்கீடு இல்லாததை எதிர்க்கட்சிகள் கண்டித்தன. சமூக நீதி மீதான நேரடித் தாக்குதல் என்றார் திமுக தலைவர் மு.க. ஸ்டாலின். கூட்டணிக் கட்சியான லோக் ஜனசக்தியின் சிராக் பாஸ்வானும் எதிர்த்தார். மூன்றே நாள்களில் விளம்பரத்தைத் திரும்பப் பெறுமாறு மத்திய பணியாளர் தேர்வாணையத்துக்கு அரசு கடிதம் எழுதியது.

வெளியிலிருந்து வரும் அறிவு அரசுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. மேற்கண்ட இருவரின் பணியே அதற்குச் சான்று. ஆனால், அந்த வாயில் யாருக்குத் திறக்கும் என்பது ஆட்சியாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கலாகாது. இடஒதுக்கீட்டுக்கு உட்பட்டும், களப்பணியைத் தகுதியாகக் கருதியும் விதி வகுக்கப்பட வேண்டும். இல்லையேல், ஏழைகளுக்கான திட்டங்களை எழுதும் மேஜையில் ஏழைகளை அறிந்தவர்கள் அமர்வது தற்செயலாகவே நிகழும்.