லீவு விட்டாச்சு... ஆச்சி ஊருக்குப் போலாமா!

குட்டீஸ், முழுப் பரீட்சையின் கடைசித் தாளை எழுதி முடித்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? பேனாவை மூடுவீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம்! சரிதானே?

1970களில் நாங்களும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். வீட்டில் டிவி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, செல்போன் என்ற வார்த்தையே இல்லை. லீவு என்றால் ஆச்சி ஊர்தான். எனக்கு அது புதியம்புத்தூர். தூத்துக்குடி மாவட்டத்தில், ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் இருக்கிறது. கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரனார் 1872-ல் பிறந்தது ஓட்டப்பிடாரத்தில்தான். வீரபாண்டிய கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. மேற்கே பார்த்தால் கோவில்பட்டி வரை கரிசல் காடு. கிழக்கே போனால் மன்னார் வளைகுடாக் கடல். ஒரே லீவில் காட்டையும் பார்க்கலாம், கடலையும் பார்க்கலாம். வாருங்கள், போய்ப் பார்ப்போம்!

வாய் பிளக்கும் மண்!

'காடு' என்றதும் சிங்கம், புலி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் வானம் பார்த்த விளைநிலத்துக்குத்தான் காடு என்று பெயர். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் எல்லாம் போடுவார்கள். மாசி, பங்குனிக்குள் பெரும்பாலும் அறுவடை முடிந்துவிடும். சித்திரையில் நாங்கள் போய் இறங்கும்போது காடு முழுக்க வெறுமையாகக் கிடக்கும். எங்களுக்கு அதுதான் விளையாட்டு மைதானம்.

ஆனால் ஜாக்கிரதையாக ஓட வேண்டும். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். சில வெடிப்புகளில் முழங்கை வரை உள்ளே போகும். ஏன் தெரியுமா? கரிசலில் களிமண் மிக அதிகம். அந்தக் களிமண் தண்ணீரைக் குடித்தால் ஊதிப் பெருக்கும். காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது மண் பிளக்கிறது. அடுத்த மழையில் மறுபடி ஊதி, வெடிப்பு மூடிக்கொள்ளும். குடித்த தண்ணீரை லேசில் விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால்தான், மழை நின்ற பிறகும் பருத்திச் செடி தாக்குப்பிடிக்கிறது.

செல்லாங்குச்சி ஆடும்போது குச்சி வெடிப்புக்குள் விழுந்துவிட்டால் ஆட்டம் அவ்வளவுதான். வேப்பமரத்தில் புதுக் குச்சி ஒடிக்கத்தான் போக வேண்டும். வெயில் ஏறினால் திண்ணையில் தாயம், பல்லாங்குழி. நுங்கு தின்ற கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக் கம்பால் தள்ளினால் வண்டி தயார். பெட்ரோல் செலவே இல்லை!

விடிலிக்குக் குடிபோன நண்பன்

பனைதான் தமிழ்நாட்டின் மாநில மரம். எங்கள் லீவு சமயம்தான் பதநீர் காலமும். மாசி, பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை போகும்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவன் இருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் அப்பா பனையேறி. பதநீர் காலம் வந்ததும் அந்தக் குடும்பமே ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பனங்காட்டுக்குக் குடிபோய்விடும். அங்கே ஓலையால் வேய்ந்த சின்னக் குடிசை ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் விடிலி. அதிகாலையில் நாங்கள் சிறுவர்கள் எல்லாரும் விடிலிக்கு நடப்போம். அண்ணன் பனை ஓலையை மடக்கிப் பட்டை பிடித்துத் தருவான். அதில் பதநீரை ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க வேண்டும். அடடா, அந்த ருசி!

பாளையைச் சீவினால் சொட்டுச் சொட்டாக வடிவதுதான் பதநீர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி வைப்பார்கள். இல்லையென்றால் வெயிலில் புளித்துப்போகும். பாளையைத் தினமும் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் வடிவது குறையும். அதனால் பனையேறிக்குப் பதநீர் காலம் முழுக்க ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. அண்ணனின் அப்பா காலையும் மாலையும் முப்பது மரம் ஏறி இறங்குவார்.

இறக்கிய பதநீரை அம்மா பெரிய சட்டியில் காய்ச்சுவார். விறகு பொறுக்குவதும் அடுப்பு எரிப்பதும் அண்ணன் வேலை. பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. சட்டியின் அடியில் ஒட்டிய பாகைச் சுரண்டித் தின்ன எங்களுக்குள் பெரிய சண்டையே நடக்கும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். நான் ஊருக்குக் கிளம்புவேன். அண்ணன் மட்டும் விடிலியிலேயே இருப்பான். ஆடி முடிந்து அவன் வகுப்புக்குப் போகும்போது பாதிப் பாடம் நடந்து முடிந்திருக்கும். ஒரு வருடம் அவன், "இனிமே நான் பள்ளிக்கூடம் போகலைடே" என்றான். ஆறாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது.

எனக்கு விடுமுறையாக இருந்த நாட்கள் அவனுக்கு வேலை நாட்களாக இருந்தன. இது புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

இப்படிப் படிப்பை விட்ட பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு எப்படி வரும் என்று யோசித்த முதலமைச்சர் காமராஜர், 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது எங்கே தெரியுமா? இதே கரிசல் பூமியில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில்தான்! 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. அதாவது, இதைப் படிக்கும் உங்கள் எல்லாருக்கும் பள்ளிக்கூடம் போவது ஓர் உரிமை.

வெள்ளை மலைகள்

லீவில் ஒரு நாள் கடலுக்குப் போவோம். தூத்துக்குடியை நெருங்கும்போதே இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று குவியல்கள் தெரியும். உப்பு! இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பக்கம்தான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கடல்நீரையோ, பூமிக்கடியில் இருக்கும் உப்புநீரையோ பாத்தியில் பாய்ச்சினால், வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடித்துவிடும். அடியில் உப்பு படியும். அதைப் பலகையால் வாரிக் கரையேற்றுவார்கள். மழை பெய்தால் உப்பு கரைந்துவிடும். ஆகவே உப்பளத்திலும் கோடைதான் வேலைக்காலம். வெயிலுக்கு முன்னே வேலையை முடிக்க, விடிவதற்கு முன்பே ஆணும் பெண்ணும் உப்பளத்துக்குப் போவார்கள். உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசும். கால் பாதம் வெடித்துப் புண்ணாகும். அடுத்த முறை குழம்பில் உப்பு குறைவு என்று முகம் சுளிக்கும் முன் அவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தேயும் தீவு

தருவைகுளம் கடற்கரைக்கு முதல் தடவை போனபோது எனக்கு ஒரே ஏமாற்றம். ஆளுயர அலை எதுவும் காணோம்! குளம் மாதிரி அமைதியாகக் கிடந்தது கடல். "ஏன் ஆச்சி அலையே இல்லை?" என்று கேட்டேன். "முன்னால தீவு இருக்குல்லா... அது தடுத்துரும்" என்றாள்.

ஆச்சி சொன்னது சரிதான். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை கடலில் 21 தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உண்டு. பெரிய அலைகள் அவற்றில் மோதி வேகம் குறைந்துதான் கரைக்கு வருகின்றன. கரையோர ஊர்களுக்கு அவை இயற்கை கட்டிய மதில்.

இருந்தன என்று எழுதியதைக் கவனித்தீர்களா? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிப் பக்கம் உள்ள காரியசல்லித் தீவு 1969-ல் சுமார் 21 ஹெக்டேர் இருந்தது. 2018-ல் 6 ஹெக்டேருக்கும் குறைவு. முப்பது கால்பந்து மைதானம் எட்டு மைதானமாகச் சுருங்கியது போல!

காரணம்? சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல வருடங்கள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். மதில் உடைந்தால் வீடு என்ன ஆகும்? அலை நேரடியாகத் தீவில் மோதி மண்ணை அரித்துவிட்டது. 2001 முதல் பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்பு கிடைத்தது. வான் தீவைச் சுற்றி 2015-க்குப் பிறகு செயற்கைப் பவளத்திட்டு அமைப்புகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். பனைக்கும் பாதுகாப்பு வந்தது. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது.

இப்போது உங்கள் முறை!

இன்று புதியம்புத்தூர் போனால் தையல் மெஷின் சத்தம்தான் கேட்கும். ஆயத்த ஆடைகளுக்குப் பேர்போன ஊர் அது. உங்கள் பண்டிகைச் சட்டைகூட அங்கே தைத்ததாக இருக்கலாம்! விடிலி அண்ணனின் மகள் படித்து முடித்து டீச்சராகிவிட்டாள். அண்ணன் இப்போதும் பனை ஓலையில் பட்டை பிடிப்பான். அவனைச் சுற்றி அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

குட்டீஸ், இந்த லீவில் ஒரு வேலை செய்வீர்களா? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தாத்தாவிடமோ ஆச்சியிடமோ போய் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. உங்கள் சின்ன வயதில் லீவுக்கு என்ன விளையாடினீர்கள்?

2. அப்போது ஊரில் இருந்து, இப்போது இல்லாமல் போனது எது? குளமா, மரமா, பறவையா?

3. உங்களோடு படித்து, பாதியில் நின்றவர் யார்? ஏன் நின்றார்?

அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். விடிலி மாதிரி புதுச்சொல் வந்தால் அடிக்கோடு போடுங்கள். இடைசெவல் கிராமத்து எழுத்தாளர் கி.ராஜநாராயணன் இப்படித்தான் கரிசல் மக்களின் சொற்களைச் சேகரித்து, ஓர் அகராதியே தந்தார்!

தேயும் தீவைப் போலத்தான் பெரியவர்களின் நினைவும். எழுதி வைத்தால் நிற்கும். எங்கே, முதல் கேள்வியை இன்றைக்கே கேட்டுவிடுங்கள் பார்ப்போம்!