கருமணலில் தொலைந்த மோதிரம்: கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் எதைக் கேட்கிறது?

2025 மே மாதம் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் உள்ள பத்மநாபசுவாமி கோவிலில் ஏறத்தாழ 13 பவுன் தங்கம் காணாமல் போனது. கருவறைக் கதவுக்குப் பொன் வேய்கிற வேலைக்காக எடுத்து வைத்திருந்த கம்பி அது. நிலவறைச் செல்வத்தை உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2011-ல் திறந்து கணக்கெடுத்த கோவில். அன்று முதல் போலீஸ் காவல் குறையாத இடம். அங்கிருந்தே தங்கம் போய்விட்டது என்றால் கோவிலை அடுத்த சாலை பஜார் முழுக்க வேறு பேச்சு இருக்குமா? போலீசாருடன் வெடிகுண்டு கண்டறியும் பிரிவும் தேடலில் இறங்கியது. ஓரிரு நாளிலேயே கோவில் வளாகத்து மணலுக்குள் கம்பி அகப்பட்டது. அது மணலுக்குள் எப்படிப் போனது என்பதை விசாரிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தக் கோவிலின் மூர்த்திகள் ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஆறாட்டு எனும் கடல் நீராட்டுக்காக ஊர்வலமாகப் போவது சங்குமுகம் கடற்கரைக்கு. விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து ஊர்வலம் போவதால் அன்று சில மணி நேரம் விமானங்கள் நின்றுவிடும். அந்தக் கடற்கரை மணலிலும் தங்கம் கிடக்கிறது. புதையல் அல்ல, குளிக்கப் போனவர்களின் விரலிலிருந்து வழுகிய மோதிரம், அலை இழுத்துப் போன கம்மல், கழன்ற மெட்டி. கர்க்கடக வாவு எனும் ஆடி அமாவாசை அன்று முன்னோருக்குத் தர்ப்பணம் செய்து கடலில் முங்கி எழுகிற ஆயிரக்கணக்கானவர்களில் சிலர் நகையில்லாமல்தான் கரையேறுவார்கள். வெளிநாடுகளில் மெட்டல் டிடெக்டரோடு இதைத் தேடுவது பெரிய பொழுதுபோக்கு. நம் பக்கம் அப்படி அலைகிறவர்கள் குறைவு. ஆனால் கருவி இப்போது இணையக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. வாங்கியவர்களில் பலர் ஒரு வாரத்தில் பரண்மேல் போட்டுவிடுவதற்குக் காரணம் கருவி அல்ல, நம் கடற்கரை. வளாகத்துக் காய்ந்த மணலில் கிடக்கும் 13 பவுன் கம்பியைக் காண்பதும், உப்புநீர் ஊறிய கருமணலில் இரண்டு கிராம் மோதிரத்தைக் காண்பதும் வேறு வேறு வித்தைகள்.

கருவியின் அடிப்படை எளிது. தரையோடு ஒட்டி வீசப்படும் வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் மாறுமின்சாரம் ஓட, சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் அகப்பட்டால் அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த ஓட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். இன்னொரு சுருள் அதைக் கேட்டு ஒலியாக மாற்றும். 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் புதைந்த தோட்டாவைத் தேட, தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்தார். தோட்டா அகப்படவில்லை. படுக்கையில் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பிவிட்டன என்பார்கள். மருத்துவர் தவறான பக்கத்தில் தேடச் சொன்னதும் ஒரு காரணம். தேடும் பொருளைவிடச் சுற்றியிருப்பது அதிகம் சத்தம் போட்டால் கருவி தோற்கும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கடற்கரையில் சத்தம் போடுபவை இரண்டு. முதலாவது உப்புநீர். அது மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஈரமணல் முழுவதையும் கருவி ஒரு மெல்லிய உலோகத் தகடாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது கருமணல். கோவளத்தில் கலங்கரை விளக்கக் கடற்கரையில் மை தீற்றியதுபோல் கிடக்கும் அந்த மணலும், கொல்லம் சவறாவிலும் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் எடுக்கிற மணலும் ஒரே குடும்பம்: இல்மனைட், மோனசைட், சிர்க்கான், கார்னெட். இந்தக் கரையின் தேங்காய்நார்க் கயிற்றோடு ஜெர்மனி போய்ச் சேர்ந்த மணலில்தான் 1909-ல் அங்கிருந்த ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டார். நம் கருவிக்கு மோனசைட்டால் தொல்லையில்லை. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட்டும், அதனோடு கலந்து கிடக்கும் காந்தக் கனிமங்களும்தான் தொல்லை.

இந்த இரண்டு சத்தமும் ஒரே மாதிரி இல்லை என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. கருமணல் காந்தப்புலத்தை வலுப்படுத்திக் காட்டும். உப்புநீர் தனக்குள் மின்னோட்டத்தை ஓடவிடும். கருவியில் மண்ணின் குணத்தை அறிந்து அதன் சத்தத்தைக் கழித்துவிடும் ஒரு வசதி உண்டு. தரைச் சமன் என்று வைத்துக்கொள்வோம். தட்டைத் தரைமேல் மெல்ல ஏற்றி இறக்கி, ஒலி அடங்கும்வரை திருத்துவார்கள். ஒரே அலைவரிசையில் இயங்கும் மலிவான கருவியால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கழிக்க முடியும். கருமணலுக்குச் சரிசெய்தால் அலை வந்து நனைத்ததும் கத்தும். உப்புக்குச் சரிசெய்தால் கரும்பட்டை வந்ததும் கத்தும். கோயம்புத்தூரில் வீட்டுத் தோட்டத்தில் ஒழுங்காக வேலை செய்த கருவி கோவளத்தில் பைத்தியம் பிடித்தாற்போல் ஆடுவது இதனால்தான்.

இவ்வளவு தொல்லை தரும் கருமணலை விட்டு விலகிவிடலாமே என்று தோன்றும். விலகக் கூடாது. சாதாரண மணல், அதாவது குவார்ட்ஸ், தண்ணீரைப்போல் இரண்டே முக்கால் மடங்குகூட எடை இல்லாதது. இல்மனைட் நாலே முக்கால் மடங்கு. 22 காரட் தங்கமோ ஏறக்குறைய பதினெட்டு மடங்கு. அலை வந்து போகும்போது இலேசானது நகர்ந்து போகிறது, கனமானது தங்கிவிடுகிறது. கரும்பட்டை என்பது கடல் ஏற்கெனவே புடைத்து வைத்துவிட்டுப் போன முறத்து மிச்சம். எந்த விசை இல்மனைட்டை அங்கே சேர்த்ததோ அதே விசைதான் மோதிரத்தையும் சேர்க்கும். ஆகவே கருவி அதிகம் திணறும் இடமே தேட வேண்டிய இடம். இதைப் புரிந்துகொண்டவர்கள் கருவியை மாற்றுவார்கள், இடத்தை மாற்ற மாட்டார்கள்.

பருவமும் முக்கியம். ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவ அலைகள் மணலை அள்ளிக் கடலுக்குள் கொண்டுபோகும். அமைதியான மாதங்களில் கடல் அதைத் திருப்பிப் போடும். சங்குமுகத்தில் திரும்பி வருவது வருடத்துக்கு வருடம் குறைகிறது. 2021 மே மாதத்தில் டவ்தே புயல் நேரத்தில் கடற்கரைச் சாலையையே கடல் தின்றது ஊருக்குத் தெரியும். மணல் நிறைய ஏறிக் கிடக்கும் ஜனவரியில் மோதிரம் கருவிக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். நல்ல கருவிகூட மோதிர அளவுப் பொருளை ஓர் அடிக்குக் கீழே கேட்பது அபூர்வம். கடல் கரையை அரித்துப் படிபோல் வெட்டிவிட்டுப் போன மறுநாள், அந்தப் படியின் அடியில் பழைய கெட்டித் தரை வெளியே தெரியும். அந்த நாள்தான் நாள். ஆந்திரத்தில் காக்கிநாடா அருகே உப்பாடா கடற்கரையில் 2020 நவம்பரில் நிவர் புயலுக்குப் பின் மீனவ மக்கள் தங்க மணிகளைப் பொறுக்கினார்கள். அவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. தரங்கம்பாடியிலும் கடல் சீறி ஓய்ந்தபின் பழைய டேனிஷ் காசுகள் கரையில் தென்படுவது உண்டு. ஆனால் கடல் சீறும்போதே இறங்குவது வேறு; கேரளக் கரையில் அதற்கு உயிரைக் கொடுத்தவர்கள் போதும்.

கருவி வாங்குவோருக்கு மூன்று வழி. ஒற்றை அலைவரிசைக் கருவி காய்ந்த மணலுக்கு மட்டும் போதும். குழந்தைகள் விளையாடும், குடும்பங்கள் உட்காரும் மேல்மணலில் காசும் சாவியும் கிடைக்கும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பும் கருவி உப்பையும் கருமணலையும் ஒப்பிட்டு இரண்டையும் சேர்த்துக் கழிக்கும். மைன்லேப் போன்ற நிறுவனங்கள் முப்பது ஆண்டுக்கும் மேலாக இதில் ஊறியவை. விலை அதிகம். மூன்றாவது துடிப்பு வகை: ஒரு மின்துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, பத்து மைக்ரோநொடி போலக் காத்திருந்து அதன்பின் கேட்கும். உப்புநீரின் எதிரொலி அதற்குள் அடங்கிவிடும், உலோகத்தின் எதிரொலி நிற்கும். ஆழம் இதில்தான் அதிகம். ஆனால் இரும்பா தங்கமா என்று சொல்லத் தெரியாது. துருப்பிடித்த ஆணி ஒவ்வொன்றுக்கும் குழி தோண்ட வேண்டியதுதான். சங்குமுகத்துக்கும் கோவளத்துக்கும் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் இரண்டாவது வகையே என் பரிந்துரை.

தங்கம் எப்படி ஒலிக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். தங்கத்துக்கென்று தனி ஒலி கிடையாது. மெல்லிய மோதிரம் ஒலிக்கும் அதே இடத்தில்தான் மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும், குளிர்பான டின்னின் வளையமும் ஒலிக்கும். திரையில் வரும் எண்ணைப் பார்த்துத் தாளை ஒதுக்குகிறவர் மோதிரத்தையும் ஒதுக்குகிறார். பாட்டில் மூடி இன்னொரு பெரிய ஏமாற்று. நம் நாணயங்களும் லேசுப்பட்டவை அல்ல: இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. இரும்பை விலக்கும் அமைப்பில் கருவியை வைத்தால் அவை தடுமாறி ஒலிக்கும் அல்லது மறைந்தே போகும். ஆற்றங்கரைகளில் கயிற்றில் காந்தம் கட்டி வீசிக் காசு எடுக்கும் பையன்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

நம் பெண்கள் அதிகம் தொலைப்பதும், கருவி அதிகம் தவறவிடுவதும் சங்கிலியைத்தான். மோதிரம் மூடிய வளையம். சுழல் மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றிவர ஏற்ற வடிவம், அதனால் எடைக்கு மீறிய ஒலி தரும். சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி தொடர்பு சரியாக இல்லாததால் மொத்தமும் ஒரு பொருளாக ஒலிப்பதில்லை; மூன்று பவுன் சங்கிலி ஒற்றைக் கண்ணியின் அளவுக்கே கேட்கும். கொக்கியோ, கோத்திருக்கும் தாலியோ அகப்பட்டால்தான் உண்டு. மூக்குத்தியையும் திருகாணியையும் மறந்துவிடலாம். வெள்ளி மெட்டி நேர்மாறு; நல்ல மின்கடத்தி, தெளிவாக ஒலிக்கும்.

கையாளும் முறையில் வேகம்தான் முதல் எதிரி. தட்டு மணலுக்கு இரண்டு விரல் உயரத்தில் தரைக்கு இணையாகப் போக வேண்டும். வீச்சின் முனையில் ஊஞ்சல்போல் மேலே தூக்கினால் ஆழம் போய்விடும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். ஈரமணலில் நீர்க்கோட்டுக்கு இணையாக நடந்தால் ஒரே அளவு ஈரத்தில் கருவி நிதானமாக இருக்கும். மேலும் கீழும் நடந்தால் ஒவ்வொரு அடியிலும் தரை மாறும். உணர்திறனை முழுதாக ஏற்றி வைப்பதைவிட, சலசலப்பு அடங்கும் வரை இறக்கி வைப்பதே அதிக ஆழம் தரும். சட்டைப்பையில் செல்போன் இருந்தால் அதுவும் குறுக்கிடும். தோண்டி அள்ளியதைச் சலிக்கச் சாலை பஜாரில் பிளாஸ்டிக் சல்லடை வாங்கினால் போதும். இரும்புச் சல்லடையைத் தட்டருகே கொண்டுவந்தால் அதுவே ஒலிக்கும். குழியை மூடிவிட்டு வாருங்கள். அதிகாலையில் வலை இழுக்கிறவர்களின் கால் அதில்தான் போகும்.

பராமரிப்பு பற்றி வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பது தட்டுக்கு மட்டுமா, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சேர்த்தா என்று பாருங்கள். பல மலிவுக் கருவிகளில் தட்டு மட்டும்தான். வீடு வந்ததும் முதல் வேலை, காபிக்கும் முன்னால், நல்ல தண்ணீரில் கழுவுவது. பெட்டி நீர் தாங்காத வகையானால் அதை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்டின் பூட்டுகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். உள்ளே மணல் தங்கினால் பிறகு கழற்ற முடியாதபடி இறுகிவிடும். தட்டின் அடியுறையைக் கட்டாயம் கழற்றுங்கள். அதற்குள் சேர்கிற ஈரக் கருமணல், தட்டோடு ஒட்டியே பயணம் செய்து காரணமில்லாமல் ஒலி எழுப்பும். கருவி பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்களில் பலருக்கு நோய் இந்த உறைக்குள் இருக்கும். நிழலில் காயவிடுங்கள், மூடிய காருக்குள் வெயிலில் விடாதீர்கள். ரப்பர் வளையங்களுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும், தேங்காய் எண்ணெய் வேண்டாம். தட்டிலிருந்து வரும் கம்பியைத் தண்டில் சுற்றியபின் தொங்காமல் கட்டுங்கள். அது ஆடினாலும் பொய்யொலி வரும். திருவனந்தபுரத்து மழை மாதங்களில் காற்றின் ஈரமே இணைப்புகளைப் பச்சை பிடிக்க வைக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் சாதா பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். லித்தியம் என்றால் பாதிச் சார்ஜில் வைக்க வேண்டும்.

இனி சட்டம். மண்ணில் மறைந்து கிடந்த பழம்பொருள் புதையல். தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், கேரளத்தில் 1968-ல் இயற்றிய தனிச் சட்டம். எதுவானாலும் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டம் கிளிமானூரில் 2019 இறுதியில் நிலத்தைக் கொத்தும்போது குடம் நிறையத் திருவிதாங்கூர் செம்புக்காசுகள் கிடைத்தன, ஏறத்தாழ 20 கிலோ. அவை தொல்லியல் துறைக்குப் போயின. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கருவியோடு போய்த் தோண்டுவதே குற்றம். விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகத்திலும், ராக்கெட் நிலையம் இருக்கும் தும்பாப் பக்கமும் காவலர்கள் கேள்வி கேட்பார்கள். முன்கூட்டியே காவல் நிலையத்தில் சொல்லிவிட்டால் அரைநாள் மிச்சம்.

நேற்று தொலைந்த மோதிரம் புதையல் அல்ல. அதற்கு உரியவர் இருக்கிறார். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவின்படி, கண்டெடுத்து எடுத்துக்கொண்டவர் அதைப் பிறர் ஒப்படைத்த பொருளைப்போல் காக்கக் கடமைப்பட்டவர். உரியவரைத் தேடாமல் அடகுக் கடைக்குக் கொண்டுபோனால் பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கண்டெடுத்தவருக்கும் அதே ஒப்பந்தச் சட்டம் உரிமை தருகிறது: உரியவர் இன்ன வெகுமதி என்று அறிவித்திருந்தால், 168-ஆம் பிரிவைக் காட்டி அதை வழக்குப் போட்டே வாங்கலாம்; தரும்வரை மோதிரத்தைக் கையிலேயே வைத்திருக்கலாம்.