கணிப்பொறித் திரையில் படம் ஏன் பெருத்துத் தெரிகிறது?

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்திற்கு வந்து படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயத்துடன் வந்தார். வீட்டுக் கணிப்பொறிக்குப் பழைய திரை ஒன்று வாங்கியிருந்தார். இயக்கியவுடன் எழுத்துகள் தடித்துத் தெரிகின்றன. விண்டோஸ் வந்த பிறகும் வட்டம் முட்டையாகத் தெரிகிறது. "திரை கெட்டுவிட்டது, வேறு வாங்குங்கள்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். தந்தையிடம் மறுபடியும் பணம் கேட்க அவருக்கு மனமில்லை.

திரை உண்மையிலேயே கெட்டுவிட்டதா? வாருங்கள், ஆராய்வோம்.

புள்ளிக் கோலமும் திரையும்

மார்கழியில் சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளில் போடப்படும் புள்ளிக் கோலங்களைப் பார்த்திருப்பீர்கள். புள்ளி வைத்தபின் கோலத்தின் அளவை மாற்ற இயலாது. தட்டைத் திரையும் அவ்வாறே. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் எனில், அந்த எண்ணிக்கை மாறாது.

ஆனால், பல கணிப்பொறிகள் இயங்கத் தொடங்கும்போது 720 × 400 புள்ளிகள் கொண்ட படத்தையே அனுப்புகின்றன. இது 1987-இல் வந்த வி.ஜி.ஏ. முறையின் மரபு. எந்தத் திரை இணைந்திருந்தாலும் ஏதாவது தெரிய வேண்டும் அல்லவா? 720 புள்ளிகளை 1920 புள்ளிகளில் நிரப்ப, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 2.67 மடங்கு விரிக்க வேண்டும். முழு எண்ணாக இல்லாததால் ஓரங்கள் மங்கும், எழுத்து தடிக்கும். இது பழுதன்று. சில விநாடிகளில் தானே சரியானால் கவலை வேண்டாம்.

திரை தரும் முகவரிச் சீட்டு

அடுத்து விண்டோஸ் போன்ற இயக்கமுறை பொறுப்பேற்கிறது. திரைக்குள் ஒரு சிறு நினைவகச் சில்லு உண்டு. "எனக்கு இத்தனை புள்ளிகள்" என்ற விவரம் அதில் 128 பைட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். இதற்கு இ.டி.ஐ.டி. என்று பெயர், 1994-இல் வகுக்கப்பட்டது. கணிப்பொறி இதைப் படித்துத் தன் படத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறது.

வி.ஜி.ஏ. கேபிளில் 15 ஊசிகளுக்கு இடமுண்டு. 1, 2, 3 ஆகியவை சிவப்பு, பச்சை, நீல நிறங்களைக் கொண்டு செல்கின்றன. 13, 14 ஆகியவை படத்தின் காலத்தை ஒழுங்குபடுத்துகின்றன. இ.டி.ஐ.டி. விவரமோ 12, 15 ஆகிய ஊசிகளின் வழியே செல்கிறது. ஆகவே, 12-ஆம் ஊசி வளைந்தாலோ, கடற்காற்றின் உப்பால் களிம்பேறினாலோ, படம் தடையின்றி வரும். அளவு மட்டும் தெரியாமல் போகும்!

அப்போது கணிப்பொறி 1024 × 768 போன்ற ஒரு பொது அளவை ஊகித்துக்கொள்கிறது. இப்படம் திரையை நிரப்ப அகலத்தில் 1.875 மடங்கும், உயரத்தில் 1.406 மடங்கும் விரிகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள்: 1.33. வட்டம் முட்டையானதன் காரணம் இதுவே.

எப்படிச் சோதிப்பது?

முதலில் இரண்டு கருவிகளையும் அணைத்துவிட்டுக் கேபிளின் இரு முனைகளையும் பாருங்கள். 9-ஆம் ஊசி பல கேபிள்களில் இயல்பாகவே இராது. அதைக் கண்டு மயங்க வேண்டாம். பிறகு வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள். அளவு சரியானால் குற்றவாளி கேபிளே.

மாறவில்லையா? கணிப்பொறியின் திரை அமைப்பில் உரிய அளவு பட்டியலில் உள்ளதா எனப் பாருங்கள். இல்லையெனில் வரைகலைப் பகுதிக்கான டிரைவரை மீண்டும் நிறுவ வேண்டும். படம் ஒருபுறம் நகர்ந்து மட்டும் இருந்தால், திரையிலுள்ள 'ஆட்டோ' பொத்தானே போதும். தொலைக்காட்சியைத் திரையாகப் பயன்படுத்தும்போது ஓரங்கள் வெட்டுப்பட்டால், அதன் பட அளவு அமைப்பை மாற்றுங்கள். படக்குழாய்க் காலத்தில் ஓரங்களை மறைத்துக் காட்டிய வழக்கத்தின் எச்சம் அது.

நம் மாணவரின் கேபிளில் 12-ஆம் ஊசி உள்நோக்கி வளைந்திருந்தது. மெல்லிய இடுக்கியால் நிமிர்த்தி மாட்டினோம். வட்டம் வட்டமாயிற்று. அவருக்குச் செலவு ஒரு காசுகூட இல்லை.

ஒரு கருவி பழுதானால், அதில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.