மூளை வரையும் கோடுகள்

திருப்பூரில் உள்ள காதர்பேட்டை பனியன் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம். பள்ளிக்குச் செல்லாதவராயினும், துணியைத் தொட்ட அளவிலேயே அதன் தரத்தைச் சொல்லிவிடும் முதியவர்கள் இத்தகைய கடைவீதிகளில் உண்டு. அவர்களுள் ஒருவர், நாளடைவில் பழைய வாடிக்கையாளரின் பெயரை மறக்கிறார். பெற்றுக்கொண்ட பணத்தையே மீண்டும் கேட்கிறார். நாள்தோறும் நடந்த சந்தில் வழி தெரியாது நிற்கிறார் என்று கொள்வோம். 'வயதானால் மறதி வருவது இயல்புதானே' என்று வீட்டார் வாளா இருந்துவிடக்கூடும். ஆயின், இத்தகைய மறதி நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இதனை முதுமை மறதி நோய் என்றும், டிமென்ஷியா என்றும் கூறுவர். இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர் என 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்று அறிவது எங்ஙனம்? மருத்துவர் பெரும்பாலும் வினாக்களைக் கேட்டே அளவிடுவர். 1975-இல் வகுக்கப்பட்ட 30 மதிப்பெண் தேர்வு உலகெங்கும் வழங்குவது. இன்று என்ன நாள் என்று சொல்லுதல், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல், ஓர் உருவத்தைப் பார்த்து வரைதல் முதலியன அதில் அடங்கும். எழுதுகோலையே பிடித்தறியாத ஒருவர், மனம் தெளிவாக இருந்தும் இதில் பின்தங்குவார். நிறையக் கற்றவரோ, நோய் தொடங்கிய பின்னும் நல்ல மதிப்பெண் பெற்றுவிடுவார். நோயைவிடக் கல்வியையே அளக்கும் தேர்வாக அது மாறிவிடுகிறது அன்றோ? எனவே, எழுதவும் படிக்கவும் சொல்லாத வேறொரு சான்றும் வேண்டியதாயிற்று.

அத்தகைய சான்றைத் தரும் கருவிக்கு வழிகண்டவர், செருமனி நாட்டு ஏனா நகரில் மனநோய் மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர். இளமையில் படைப்பயிற்சியின்போது அவர் குதிரையினின்றும் விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்துக்கு மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே, அவர் நலம் வினவித் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தொலைவில் இருந்த தமக்கை, தம்பிக்குத் தீங்கு நேர்ந்ததாக அஞ்சியதே அதற்குக் காரணமாம். எண்ணம் ஒரு மனத்தினின்று மற்றொரு மனத்துக்குப் பாய்கிறதோ என்னும் ஐயம் அன்றுமுதல் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் தேடியது கிடைக்கவில்லை. தேடாத வேறொன்று கிடைத்தது. 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்த அவர், 1929-இல் அதனை உலகுக்கு அறிவித்தார்.

தலையின் மேல் சிறு உலோகத் தகடுகளைப் பசையால் ஒட்டி இவ்வலைகளைப் பதிவர். ஊசி குத்துவதில்லை, மின்சாரம் செலுத்துவதும் இல்லை. கிடைக்கும் மின்னழுத்தமோ, கைவிளக்கின் மின்கலம் தருவதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவினதே. பின்னலாலையின் வெளிச்சுவரில் காதை வைத்துக் கேட்பவனுக்கு ஒரு தனி ஊசியின் ஓசை கேளாது. எந்திரங்கள் அனைத்தும் சேர்ந்து ஓடும் இரைச்சலே கேட்கும். அதுபோல, பல்லாயிரம் நரம்பணுக்கள் ஒன்றுகூடி எழுப்பும் அலையையே இக்கருவி வரைகிறது.

நலமுடைய ஒருவர் விழித்த நிலையில் கண்மூடி அமர்ந்திருக்கும்போது, தலையின் பின்புறத்தில் நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் ஆல்பா அலை தோன்றும். மறதி நோய்களுள் மிகப் பரவலான அல்சைமர் நோயில் நரம்பணுக்கள் அழிகின்றன. அவற்றிடையே உள்ள தொடர்புகள் அறுகின்றன. அலைகளின் ஓட்டமும் மந்தமாகிறது. தொடக்கத்தில் நொடிக்கு 4 முதல் 8 முறை எழும் தீட்டா அலை மிகும். பின்னர் ஆல்பா குன்றும். நோய் முற்றியபின் அதனினும் மெதுவான டெல்டா அலை மேலோங்கும். மூளையின் வெவ்வேறு பகுதிகளின் அலைகள் தம்முள் இசைந்து ஓடுவதும் குறைகிறது. இந்நோயில் அலைகள் மாறுபடுவதைப் பெர்கரே 1930-களின் தொடக்கத்தில் கண்டு எழுதினார் என்பது வியப்புக்குரியது.

எனினும், கோடுகளை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. நோயின் தொடக்கத்தில் அலைகள் மாறாமலே இருத்தலும் உண்டு. தூக்க மருந்தும், கல்லீரல் கேடும், வெறும் உறக்கக் கலக்கமுங்கூட அவற்றை மந்தமாக்கும். தைராய்டு சுரப்புக் குறைவாலும் பி12 உயிர்ச்சத்துக் குறைவாலும் மறதி வருவதுண்டு. அவை மருந்தால் சீராகக்கூடியவை. ஆதலால் மருத்துவர் குருதியைச் சோதிப்பர், உடனிருப்போரை வினவுவர். சில திங்கள் கழித்து மீண்டும் அலைகளைப் பதிந்து, அதே மனிதரின் பழைய கோடுகளோடு புதியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு.