கை மாறும் மென்பொருளின் தொடர்ச்சி

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், சிவ்பூரிலுள்ள ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் இந்தியத் தாவரவியல் தோட்டத்தில் 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆலமரம் ஒன்று நிற்கிறது. 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்களால் ஊறுபட்ட அதன் அடிமரம் பின்னர் பூஞ்சையினால் அரிக்கப்பட்டு, 1925-இல் அகற்றப்பட்டது. எனினும் மரம் பட்டுப்போகவில்லை; கிளைகளினின்று இறங்கிய ஆயிரக்கணக்கான விழுதுகள் அதனைத் தாங்கி நிற்கின்றன. 1787-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நிறுவிய அத்தோட்டம் இன்று இந்திய அரசினுடையது. அடிமரம் போயிற்று, உடைமையாளரும் மாறினர். ஆயினும் அதனை அதே மரம் என்றே யாவரும் கருதுகின்றனர். இத்தகைய கேள்வி கணிப்பொறித் துறையிலும் எழுந்துள்ளது.

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதன் மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமம் அளிக்கப்பெறின், அது திறந்த மூல மென்பொருள் எனப்படும். இத்தகைய மென்பொருளைத் தோற்றுவித்தவர் விலகினாலும் பிறர் அதனைத் தொடர்ந்து பேண இயலும். அவ்வாறு கை மாறியபின் அது பழைய மென்பொருளேயாகுமா?

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கையில் உள்ளது. 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்காக, அந்நாட்டுத் தொண்டர்கள் ‘சகானா’ என்னும் மென்பொருளை இயற்றினர். சிங்களத்தில் இச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள். லங்கா மென்பொருள் நிறுவனம் அதனைப் பேணி வந்தது. 2009-இல் அமெரிக்காவில் இலாப நோக்கமற்ற தனி அமைப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டு, பொறுப்பு அதற்கு மாற்றப்பட்டது. முதலில் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட சகானா, பின்னர் பைத்தான் மொழியில் புதிதாகவும் எழுதப்பட்டது. அவ்வடிவம் 2010-இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது பயன்பட்டது. இடமும் பொறுப்பாளரும் நிரலும் மாறின. பெயரும், பணியின் நோக்கமும், எவரும் பயன்படுத்தலாம் என்னும் உரிமையும், தொடக்ககாலப் பணியாளர் சிலரும் தொடர்ந்தமையால் சகானா சகானாவாகவே நின்றது.

பெயரும் பணியாளரும் பிரிந்து செல்வதும் உண்டு. 2010-இல் ஆரக்கிள் கம்பெனி சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியை வாங்கியபோது, ‘ஓப்பன் ஆபீஸ்’ என்னும் அலுவலக மென்பொருளும் அதன் வசமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் தொண்டர் பலர் தனி அமைப்பைத் தொடங்கி, அதே நிரலைக் கொண்டு ‘லிப்ரே ஆபீஸ்’ என்பதனை வளர்த்தனர். பழைய பெயர் 2011-இல் அப்பாச்சி நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. பெயர் ஓரிடத்திலும், உழைப்போருட் பெரும்பாலோர் வேறோரிடத்திலும் அமைந்தனர். உரிமம் திறந்திருந்தமையால் பயனாளர் கைவிடப்படவில்லை.

பெயர் மாறாதிருப்பினும் ஆபத்து நேரலாம். கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ மென்பொருளை நெடுங்காலம் ஒருவரே பேணி வந்தார். அவருக்குத் துணையாக வந்து, சில ஆண்டுகளில் நம்பிக்கை பெற்றுப் பொறுப்பில் பங்கேற்ற ஒருவர், பிறர் கணிப்பொறிகளுள் கள்ளத்தனமாக நுழைவதற்குரிய வழியை அதனுள் மறைத்து வைத்தார். 2024 மார்ச்சில் பொறியாளர் ஒருவர் கணிப்பொறி சிறிது தாமதமாக இயங்குவதைக் கண்டு ஆராய்ந்தமையால் அது வெளிப்பட்டது. நிரல் திறந்திருந்தமை அவ்வாராய்ச்சிக்கு உதவிற்று. ஆனால் பலர் முன்னரே கவனித்துவந்திருப்பின் அத்தீங்கு வேரூன்றியிராது.

எனவே தொடர்ச்சி என்பது பெயர்ப்பலகையில் மட்டும் அடங்குவதன்று. பொறுப்பு எவரிடம் உள்ளது, மாற்றங்களைச் சரிபார்ப்போர் எத்தனை பேர், தற்போதைய பொறுப்பாளர் விலகின் அடுத்தவர் யார் என்பவற்றைப் பொதுப்பணிக்கு இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தும் அலுவலகங்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளுதல் வேண்டும். புயலும் வெள்ளமும் வந்தபின் இவற்றைத் தேடுவதற்கு நேரம் இராது. அடிமரம் வீழுமுன்னரே விழுதுகள் நிலத்தில் ஊன்றியிருந்தமையால்தான் சிவ்பூர் ஆலமரம் பிழைத்தது.